போயா நாளில் திறந்த தவறணை

ஷ்ரொப்ஷயர், இங்கிலாந்து
07.06.2009

அன்புள்ள பேர்னாட் மாஸ்டருக்கு,

நான்கு வருடத்தில் இது என் ஏழாவது கடிதம். முதல் ஆறுக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. டிப்போவில் முப்பது வருடம் ரைம் கீப்பராக இருந்தவன் நான். வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பது எனக்குப் பழக்கம். தொலைபேசியில் கூப்பிடலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் பகிடி விட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று போன மாதம் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மகள் கம்சாயினி அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. நான் அறைக்குள்ளேயே கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எழும்புங்கப்பா, ஒரு இடத்துக்குக் கூட்டிற்றுப் போறன்" என்று இன்று காலை இழுத்துக்கொண்டு போனாள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? தவறணைக்கு!

கள்ளுக்குப் பதில் பியர் விற்கும் தவறணை, இங்கே அதற்குப் பப் என்று பெயர். இந்தச் சின்ன ஊரில் ஆற்றோரமாக ஒரு பழைய கட்டடம். உள்ளே போனால் குனிந்துதான் நடக்க வேண்டும், அவ்வளவு பதிந்த கூரை. கரும்பலகையில் ஆறு வகைப் பியரின் பெயரைச் சோக்கால் எழுதியிருக்கிறார்கள். போத்தல் பியர் இல்லை மாஸ்டர். நிலவறையில் பீப்பாய்க்குள் கிடந்து அங்கேயே புளித்து நுரைக்கிறது. நீளமான கைப்பிடியை இழுத்து இழுத்துக் கிளாசில் ஏற்றுகிறார்கள். கடைக்காரர் பெரிய வயிறும் சின்னச் சிரிப்பும் உள்ள மனிதர். அவர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்: "இது உயிரோட இருக்கிற சாமானாம் அப்பா. பீப்பாயைத் திறந்தா மூண்டு நாளைக்குள்ள முடிச்சிரோணுமாம்." எங்கட கள்ளுக்கு அந்தி வரைக்கும்தான் ஆயுள் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். மனிதர் நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை குனிந்தார். முதல் கிளாசுக்குக் காசு வாங்கவில்லை.

பக்கத்து மேசையில் யார் தெரியுமா? பாதிரியார். கழுத்தில் வெள்ளைப் பட்டி அப்படியே இருக்கிறது. வழிபாடு முடித்த கையோடு வந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி. கோயிலுக்கு வந்த சனத்தில் பாதி அங்கேதான். ஒரு கிழட்டு நாய் என் சப்பாத்தின் மேல் தலை வைத்துப் படுத்துவிட்டது. தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று ஒருவரும் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. மணத்தை மறைக்க ஒருவர் வாயிலும் ஏலக்காய் இல்லை.

கிளாசில் பாதி குடித்திருப்பேன். அதற்கு மேல் முடியவில்லை. நீங்களும் நானும் இப்படி முன்வாசலால் போய், எல்லோரும் பார்க்க இருந்து குடித்திருந்தால், உங்கள் மச்சான், றோஸ்மேரி அக்காவின் தம்பி ஜசிந்தன் இன்று உயிரோடு இருப்பான்.

முந்திய ஆறு கடிதத்திலும் எழுதாமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான்.

உங்கள்
யோகராசா

* * *

கல்லடி, மட்டக்களப்பு
02.07.2009

அன்புள்ள யோகராசா,

உமது கடிதம் கிடைத்தது. முந்திய ஆறும் கிடைத்தன. பழைய கணித வழிகாட்டிப் புத்தகங்களுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதில் எழுதாதது மரியாதைக் குறைவு. மன்னியும்.

தபால்காரர் வந்த நேரம் றோஸ்மேரி சந்தைக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. இனி இந்த விடயத்தை எழுதுவதானால் வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம். எழுதாமல் விட்டால் இன்னும் நல்லது.

இங்கே பாலத்தடியில் சோதனை குறைந்திருக்கிறது. சனம் சைக்கிளை விட்டு இறங்காமலே போகிறார்கள், ஆனால் காவலரணைக் கடக்கும்போது எல்லாக் கால்களும் தாமாக வேகத்தைக் குறைக்கின்றன. வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களுக்காகப் எங்கள் கோயில் பங்கில் உடுப்புச் சேர்க்கிறோம். றோஸ்மேரி தன் சேலைகளில் பாதியைக் கொடுத்துவிட்டாள்.

டிசம்பரில் கடல் வந்து ஐந்து வருடமாகிறது. பங்கில் நினைவு மலர் போடுகிறார்கள். அலையிலிருந்து தப்பியவன் என்ற முறையில் என்னிடமும் பாதர் ஒரு கட்டுரை கேட்டார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

நீர் ஆறுதலாக இரும். மருந்துகளை நேரத்துக்கு எடும். ஜசிந்தனின் பெயரைக் குடியோடு சேர்த்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்
பேர்னாட்

* * *

ஷ்ரொப்ஷயர்
19.07.2009

பேர்னாட் மாஸ்டருக்கு,

உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் இதையும் அனுப்புகிறேன். வேறு முகவரி என்னிடம் இல்லை. இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

அலையிலிருந்து தப்பியவரா? இரண்டு பக்கமா? மாஸ்டர், நீங்கள் கள்ளுக் கிளாசுக்குள் கை விட்டு, விழுந்த தும்பியை எடுத்ததைத் தவிர அன்றைக்கு எந்த அலையிலும் கை வைக்கவில்லை. நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன். அது என் தொழில்.

டிசம்பர் 26, ஞாயிறு. காலைப் பூசை முடிந்து ஏழே முக்காலுக்கு வீட்டில் தேநீர் குடித்தீர்கள். "கடற்கரைக் கோயில்ல பாலன் குடிலிட கூரை காத்துக்குச் சரிஞ்சு கிடக்காம். நிமித்திற்று வாறன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தீர்கள். கடற்கரை கிழக்கே. நீங்கள் மேற்கே பாலத்தைக் கடந்து வந்தீர்கள். எட்டே காலுக்கு வாவிக்கரைத் தவறணையில் நின்றோம்.

அன்று பௌர்ணமிப் போயா. முதல் நாள் நத்தார். இரண்டு நாளும் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. தவறணையின் முன்கதவிலும் பெரிய ஆமைப்பூட்டு. திரும்பிப் போவோம் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். பின்வேலியைத் தட்டியவன் நான். தவறணை நடத்தும் சின்னத்தங்கம் ஓலைக் கிடுகை விலக்கி எட்டிப் பார்த்து என்ன சொன்னாள், ஞாபகமா? "வாங்க சேர். மரத்துக்குப் போயா தெரியுமா? அது தன்ட பாட்டுக்கு வடியுது. ரெண்டு நாள் கள்ள நான் வாவிக்கா ஊத்துற?" நீங்கள் அப்படிச் சிரித்தீர்கள், கண்ணாடி கழன்று விழுந்தது.

ஒன்பது தாண்டியதும் வாவித் தண்ணீர் கரையில் ஏறியது. மழைகாலத் தண்ணீர் என்று காலைத் தூக்கி, இருந்த மர வாங்கில் வைத்துக்கொண்டோம். ஒன்பதரைக்கு மோட்டார்சைக்கிளில் ஒருவன் கத்திக்கொண்டு போனான்: "கடல் வந்திட்டு! கல்லடிக்குள்ள கடல் வந்திட்டு!" நீங்கள் துள்ளி எழுந்ததில் முட்டிக் கள்ளு முழுக்க உங்கள் சேட்டில் கொட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் சைக்கிளை எடுத்துவிட்டேன். நீங்கள் வாவிக்குள் இறங்கினீர்கள். வாய் கொப்பளித்தீர்கள். கழுத்தளவு தண்ணீரில் முங்கிச் சேட்டைக் கசக்கினீர்கள். ஊரைக் கடல் விழுங்கிக்கொண்டிருந்தது மாஸ்டர், நீங்கள் மணத்தைக் கழுவிக்கொண்டு நின்றீர்கள்.

பாலத்தின் நகரப் பக்கத்தில் அக்கா தரையில் இருந்தா. உங்களை நனைந்த கோலத்தில் கண்டதும் எழும்பி ஓடிவந்து, "யேசுவே, கடலுக்குள்ள இருந்து வந்திட்டார்" என்று கத்திக் கட்டிப்பிடித்தா. மறுகா கேட்டா: "ஜசிந்தன் எங்க? உங்களத் தேடித்தானே கோயிலடிக்கு ஓடினவன்." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சொன்னேன்: "ஓம் அக்கா, மாஸ்டர் கடல் பக்கமிருந்துதான் வந்தவர். நான் கண்டனான். தம்பியும் வந்திருவான்."

அவன் நடந்து வருவான் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு குடிப் பொய்தானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கோயிலுக்குப் பின்னால் தாழம் பற்றைக்குள் கிடந்தான்.

உங்களுடையதை விட என் பொய் சின்னது இல்லை. அதனால்தான் கத்துகிறேன்.

யோகராசா

* * *

கல்லடி
16.08.2009

அன்புள்ள யோகராசா,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நேரங்கள் சரி. ஒன்றை மட்டும் திருத்துகிறேன். நான் முதல் தரம் வாய் கொப்பளித்துக் கரையேறினேன், மணம் போகவில்லை என்று திரும்பவும் இறங்கினேன். அப்போது பாலத்தின் பக்கமிருந்து அலறல் கேட்டது. கேட்டுக்கொண்டே கொப்பளித்தேன்.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை கணக்கின் முதல் வரியில் குறியை மாற்றிப் போட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு பத்து வரியையும் ஒரு பிழையில்லாமல் செய்கிறான். கையெழுத்து அழகு, அடிக்கோடு நேர். விடை பிழை. நான் அந்தப் பத்து வரியையும் ஐந்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஜசிந்தனை மூன்று நாள் தேடினேன். தாழம் பற்றைக்குள்ளிருந்து அவனைத் தூக்கியதில் என் கையும் ஒன்று. றோஸ்மேரி அழும்போது ஒரு நாளும் தனியே விட்டதில்லை. எல்லா வரியும் ஒழுங்கு.

உம்மிடம் எதை மறைக்க? எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. மீன்காரரும் தச்சரும் கூப்பன் கடை மனேச்சரும் நாமும் ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருப்போம். நெத்தலிப் பொரியலை நடுவில் வைத்துவிட்டு, யார் கூடத் தின்றது என்று சண்டை பிடிப்போம். முப்பத்து நான்கு வருட ஆசிரிய வாழ்க்கையில் நான் யாருக்கும் பாடம் சொல்லாமல் இருந்த ஒரே இடம் அது. வெட்கப்பட வேண்டிய இடமே அல்ல. ஆனால் நான் பங்கின் மதுவிலக்குக் குழுத் தலைவர். சனிக்கிழமை பின்னேரம் மேடையில் ஏறி, ஒரு பானைத் தண்ணீரில் ஒரு துளி மையை விட்டுக் காட்டி, குடி ஒரு குடும்பத்தை எப்படி நிறம் மாற்றுகிறது என்று விளக்குவேன். ஞாயிறு காலை உம்மோடு வாங்கில் இருப்பேன். இரண்டில் ஒன்றை விட்டிருக்கலாம். மேடையை விட மனம் வரவில்லை. கைதட்டல் எனக்குக் கள்ளை விடப் பிடித்திருந்தது போலும்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன எழுதினேன் என்று நீர் கேட்கவில்லை. சொல்கிறேன். அலை என்னைத் தூக்கிப் பூவரச மரத்தில் சேர்த்தது என்று எழுதினேன். குடிலிலிருந்த பாலன் யேசுவின் சுரூபத்தை ஒரு கையில் பிடித்திருந்தேன் என்று எழுதினேன். முதலில் மனதில் வந்தது மரம் மட்டும்தான். சுரூபம், வசனம் அழகாக வரட்டும் என்று பிறகு சேர்த்தது. பிள்ளைகள் பார்த்தெழுதினால் காதைத் திருகிய கை இது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். றோஸ்மேரி ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிவில் சொல்லும் வசனம் இது: "ஆண்டவரே, ஒண்டை எடுத்தீர், ஒண்டைத் தந்தீர்." அந்த ஒரு வசனத்தில் சாய்ந்துகொண்டுதான் அவள் நடமாடுகிறாள். உண்மையைச் சொன்னால் ஆண்டவர் ஒன்றும் தரவில்லை என்றாகிவிடும். நான் எந்தத் தண்ணீரிலிருந்தும் மீளவில்லை. அவன் வெறும் இடத்தில் என்னைத் தேடிச் செத்தான். இதை அவளுக்குக் கொடுத்து நான் பாரம் இறக்கினால், அது இன்னொரு களவு அல்லவா?

இப்படிச் சொல்லிச் சொல்லியே ஐந்து வருடம் போயிற்று.

பேர்னாட்

* * *

ஷ்ரொப்ஷயர்
06.09.2009

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பப்புக்குப் போனேன். தனியே. கடைக்காரர் இப்போது "மிஸ்டர் ராஜா" என்கிறார். "இண்டைக்கு எது உயிரோட இருக்கு?" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். கருப்பாக ஒன்றை ஊற்றித் தந்தார். சுட்ட பாண் துண்டின் கரையைக் கடித்த மாதிரி ஒரு கைப்பு. நன்றாக இருந்தது. இரண்டு குடித்தேன்.

இனி நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என் கால்கள் என்னைக் கேட்காமலே ஆற்றங்கரைக்கு இறங்கின. வாய் கொப்பளிக்க! யாருக்கு ஒளிக்க மாஸ்டர்? என்னை முதன்முதலில் அங்கே கூட்டிப்போனவளே மகள்தான். குனிந்தவன் சறுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். நனைந்தபடி வீட்டுக்குப் போனேன். கம்சாயினி பதறிவிட்டாள். "என்னப்பா இது, ஆத்துக்குள்ள விழுந்தீங்களா?" நான் யோசிக்கவே இல்லை. வாயில் ஆயத்தமாக இருந்த மாதிரி வந்தது: "ஒரு நாய்க்குட்டி தண்ணிக்குள்ள விழுந்திட்டுப் புள்ள. இறங்கித் தூக்கி விட்டன்."

அவள் அதைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் சொன்னாள். கிழவி அடுத்த நாள் கேக் செய்துகொண்டு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டா. தன் செத்துப்போன நாயின் படத்தைக் காட்டினா. நான் தலையாட்டினேன். ஒரு துண்டு கேக்கை வாயில் வைத்தேன், மென்று முடிக்க முடியவில்லை.

அப்போதுதான் உங்களை நினைத்தேன். அன்று பாலத்தடியில் அக்கா உங்களைக் கட்டிப்பிடித்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் விளங்கியது. அலையைப் பற்றி அதுவரை நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, நனைந்து நின்றீர்கள், அவ்வளவுதான். மிச்சத்தை மற்றவர்கள் சொன்னார்கள். தெரிந்துகொண்டே முதலாவதாகச் சொன்னவன் நான்.

கிழவி போனதும் மகளிடம் நாயில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். 2004 வரைக்கும் சொன்னேன். அவள் கேக்கை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "றோஸ்மேரி மாமிக்குத் தெரியுமா?" இல்லை என்றேன். "அப்ப தன்ட தம்பிய ஆர் அனுப்பினது எண்டு மாமி நினைச்சிட்டிருக்கா?"

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

யோகராசா

* * *

கல்லடி
18.10.2009

அன்புள்ள யோகராசா,

மகளின் கேள்விக்குப் பதில் தேட நான் வெகுதூரம் போகவில்லை. பதில் என் வீட்டு முன்னறையில் இருந்தது.

காத்தான்குடியிலிருந்து நஸீறா என்ற பெண் மாதம் ஒரு தரம் தைத்த உடுப்புகளைக் கொண்டு வருவாள். அவளுடைய தாயையும் அன்று கடல் கொண்டுபோனது. போன கிழமை அவளும் றோஸ்மேரியும் துணியை விரித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளறையில் பேப்பர் பார்த்தபடி இருந்தேன். நஸீறா சொன்னாள்: "எங்கட உம்மா கதவப் பூட்டிற்று வாறன் எண்டு திரும்பிக் கிறுகினவ. நான் விட்டுட்டு ஓடினனான். அதுதான் எனக்குத் தீராது அன்ரி." பிறகு றோஸ்மேரி: "நீங்க விட்டுட்டு ஓடினீங்க. நான் அனுப்பினனான் புள்ள. அவன் என்னத் தூக்கி லொறியில ஏத்திப்போட்டுத் தானும் ஏறக் காலத் தூக்கினவன். 'அத்தான் கோயில்லடா' எண்டு நான்தான் கத்தினனான். தூக்கின கால இறக்கிப்போட்டு ஓடினான்."

ஐந்து வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை, யோகராசா. தம்பியை அனுப்பிக் கணவனை மீட்டவள் என்று தன்னை நினைத்திருக்கிறாள். நான் என்னையே வெறுக்கக் கூடாதே என்று எனக்கே மறைத்திருக்கிறாள்.

மாரியில் வாவி நிரம்பும்போது முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று ஊரில் ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்குமே. மணல் திட்டை முந்தி வெட்டினால் மீன் போய்விடும் என்று ஒரு பக்கம். பிந்தினால் வயல் தாழும் என்று மறுபக்கம். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று கூட்டம் கலையும். அதற்குள் தண்ணீர் வயல் வட்டையெல்லாம் ஏறி, கதிர் அழுகிவிடும். அந்தக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் நானே இருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். தாழ்ந்துகொண்டிருப்பது றோஸ்மேரியின் வயல்.

எனக்குத் தெரியும், சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் "இஞ்ச பாரும், மழை வரப்போகுது" என்றுதான் வருகிறது.

பேர்னாட்

* * *

ஷ்ரொப்ஷயர்
30.10.2009

மாஸ்டர்,

இதோடு ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு. "நான் கண்டனான் என்று பாலத்தடியில் சொன்னது பொய்" என்று எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு கொடுங்கள். அதற்கு முதல் கொடுத்தால் நான் உங்களைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். நீங்கள் சொல்லாமலே அதைக் கிழித்தால், நமக்குள் இதுதான் கடைசிக் கடிதம்.

யோகராசா

* * *

கல்லடி
14.12.2009

அன்புள்ள யோகராசா,

நீர் ஒரு மாதமாகத் தபால்காரனைப் பார்த்திருப்பீர் என்று தெரியும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உமது உறை வந்த அன்று, நவம்பர் 11, பின்னேரம் றோஸ்மேரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே வாங்கில் இருந்து சொன்னேன். ஒரு உதாரணமும் சொல்லவில்லை. போயா, பின்வேலி, கள்ளு, வாவி, கொப்பளித்தது, எல்லாவற்றையும் நீர் எழுதிய நேரங்களோடு சொன்னேன். சுளகு நின்றுவிட்டது. சொல்லி முடித்து உமது உறையைக் கொடுத்தேன். வாசித்தாள், மடித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நான் பிழையான இடத்துக்கு அவன அனுப்பேல்ல, என்ன?"

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க சொன்ன இடத்துக்குத்தான் அனுப்பினன். பிழை என்ர இல்ல."

"இல்ல" என்றேன். "உம்மட இல்ல."

அவள் அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியாது. ஜசிந்தனை அடக்கம் செய்த அன்றும் அவள் அப்படி அழவில்லை. பக்கத்தில் போனேன். கையால் தள்ளிவிட்டாள். முதல் தரமாக அவளைத் தனியே அழ விட்டுவிட்டு முற்றத்தில் நின்றேன்.

அதன் பிறகு சமைத்தாள், கோப்பையை மேசையில் வைத்தாள், போனாள். செபமாலையில் அந்த வசனம் வரவில்லை. "தம்பி, உன்னட்ட மன்னிப்புக் கேக்கிறன்" என்று மட்டும் ஒரு நாள் காதில் விழுந்தது. அது என் வேலையாக இருக்க, அதையும் அவளே செய்தாள்.

பாதரிடம் போய் இரண்டு பக்கத்தையும் திருப்பிக் கேட்டேன். ஏன் என்றார். "சேர் எழுதினதுதான் மலரிலயே நல்ல கட்டுரை" என்றார். நடந்ததைச் சொன்னேன். கட்டுரையைத் தேடி எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். மதுவிலக்குக் குழுவுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவும் செய்தபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமை தலை தூக்கியது, பார்த்தீரா, எவ்வளவு நேர்மை என்று. அதற்கும் வெட்கமாக இருந்தது.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்ததும் றோஸ்மேரி சொன்னாள்: "அந்த இடத்தக் காட்டுங்க." ஒரு மாதத்துக்குப் பிறகு நேரே என்னிடம் சொன்ன முதல் வசனம். பாலத்தைக் கடந்து நடந்தோம். தூறல். அவள் குடைக்குள், நான் வெளியே. இடத்தைக் காட்டப் போவது நான், ஆனால் முன்னால் நடந்தது அவள்.

தவறணை அப்படியே இருக்கிறது. சின்னத்தங்கம் தலை நரைத்துவிட்டாள். என்னைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பு. "ஐயோ சேர்! செத்துப்போனீங்களோ எண்டு நினைச்சன். எங்க உங்கட கூட்டாளி?" பிறகுதான் றோஸ்மேரியைக் கண்டாள். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"அண்டைக்கு இவர் எங்க இருந்தவர்?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

சின்னத்தங்கம் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பின்பக்கம் கூட்டிப்போய் வாங்கைக் காட்டினாள். றோஸ்மேரி அதைத் தொடவில்லை. "கடல் வரக்குள்ள என்ன செஞ்சிட்டிருந்தவர்?"

"சிரிச்சிட்டிருந்தவர் அம்மா" என்றாள் சின்னத்தங்கம். "எல்லாரும்தான். ஆருக்கும் தெரியாதே."

றோஸ்மேரி திரும்பி முன்பக்கம் வந்தாள். தெருவைப் பார்த்தபடி தாழ்வாரத்தில் ஒரு வாங்கு கிடக்கிறது. ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒரு பெண் உள்ளே வந்ததைக் கண்டு எல்லோரும் கிளாசை மறைத்துக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தாள். "இவருக்கு ஒண்டு குடுங்க" என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஐந்து வருடமாகத் தொட்டதில்லை என்றேன். "அண்டைக்குக் குடிச்சீங்கதானே. இண்டைக்கு முன்னுக்கு இருந்து குடியுங்க. ஆக்கள் பாக்கட்டும்."

குடித்தேன். காலை இறக்கிய கள்ளு. நல்ல கள்ளு, யோகராசா. அதுதான் மிகப் பெரிய வெட்கம், நாக்குக்கு அது இனித்தது.

பூசை முடிந்த சனம் அந்தத் தெருவால்தான் சந்தைக்குப் போகும். சிலர் கண்டும் காணாதது போலப் போனார்கள். மறைக்கல்வி படிப்பிக்கும் டினுஷா மட்டும் நின்றுவிட்டாள். என்னிடம் படித்த பிள்ளை. பானையும் மையும் வைத்து நான் விளக்கியபோது முன்வரிசையில் இருந்தவள். என் கையிலிருந்த கிளாசைப் பார்த்தாள், றோஸ்மேரியைப் பார்த்தாள். "அன்ரி... நீங்க இஞ்ச? சேருக்கு ஏதும் சுகமில்லையா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, வாய் திறந்தது. றோஸ்மேரி முந்திவிட்டாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"சுகத்துக்கு ஒரு குறையுமில்ல புள்ள. கடல் வந்த அண்டும் இவர் இஞ்சதான் இருந்தவர். என்ர தம்பி கோயிலடியில போய்த் தேடினவன்."

டினுஷா தலையைக் குனிந்து றோஸ்மேரிக்கு மட்டும் "போயிட்டு வாறன் அன்ரி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வாங்கில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். என் கையில் பாதிக் கிளாஸ் மிச்சம். குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

றோஸ்மேரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"வச்சிற்று எழும்புங்க" என்றாள். "வீட்ட போவம்."

பேர்னாட்